பேர் சொல்லி ஜெபிக்கிற பாஸ்டரம்மா

தங்கமணி ஜெபம் பண்ணி முடித்தால், ஓசூரில் அந்தச் சபையில் மூக்கைச் சிந்தாமல் எழுந்து போகிறவர்கள் யாரும் இல்லை. அவள் புருஷன் பாஸ்டர் ஞானாபரணம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பிரசங்கம் பண்ணுவார். கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்தவர்கள், சுவரில் சாய்ந்து தூங்கி வழிவார்கள். “இப்போது பாஸ்டரம்மா நம்மை ஜெபத்தில் நடத்துவார்கள்” என்று அவர் சொன்னதுதான் தாமதம், தூங்கினவன் எல்லாம் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். கட்டின மனைவிமேல் அந்த மனிதருக்குப் பொறாமை வராமல் இருந்ததே பெரிய விஷயம்.

அப்படி என்ன விசேஷம் என்றால், அவள் பேர் சொல்லி ஜெபிப்பாள். ‘வியாதியஸ்தருக்காக, விதவைகளுக்காக’ என்று மொத்தமாக மூட்டை கட்டி அனுப்புகிற ஜெபம் இல்லை அது. இன்னாருடைய இடது முழங்கால், இன்னார் வீட்டில் குடித்துவிட்டு வருகிற மகன், இன்னாருக்குத் தள்ளிப்போகிற பிரசவம் என்று ஒவ்வொருத்தராகக் கையைப் பிடித்துக் கர்த்தர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவாள். கையில் துண்டுக் காகிதம்கூட இருக்காது, எல்லாம் மனசிலிருந்து வரும். தன் பேர் எப்போது வரும் என்று பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். பேர் வந்துவிட்டால் அந்த வாரம் முழுக்க ஒரு தெம்பு.

திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்திலிருந்து எழுபதுகளின் கடைசியில் வந்த குடும்பம் அது. ஞானாபரணம் அங்கே ஒரு கூட்டுறவுக் கடையில் கணக்கப்பிள்ளை. ஒருநாள் ‘ஊழியத்துக்கு அழைப்பு வந்துவிட்டது’ என்று வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். மாமியார் வீட்டார் தலையில் அடித்துக்கொண்டார்கள். தங்கமணி மட்டும், “அவுக போற இடத்துக்கு நானும் போவேன், அதுல என்ன யோசனை” என்று கைக்குழந்தை பியூலாவைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டாள்.

ஓசூரில் அப்போதுதான் கம்பெனிகள் ஒன்றொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. பாகலூர் ரோட்டை ஒட்டி வரிசை வீடுகளில் ஒரு வீடு பிடித்தார்கள். வலப்பக்கத்து வீட்டில் கன்னடம், இடப்பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் பேசுகிற தமிழ் இவளுக்குப் புரியவில்லை. இவள் ‘வாரேன், சொல்லுதேன்’ என்றால் குழாயடியில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஞானாபரணம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். ஒருதரம் சானமாவு காட்டோரம் யானை நிற்கிறது என்று திரும்பி ஓடிவந்தவர், அதையே ஒரு வருஷம் பிரசங்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆள் சேர்ந்தது என்னவோ தங்கமணியால்தான். யாருக்காவது இடுப்புவலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிறவள் அவள். பின்னறையில் பழைய தையல் மிஷின்களைப் போட்டுப் பெண் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தாள். புண்ணுக்கு மருந்து போட்டாள், அடி வாங்கி வந்தவர்களுக்குச் சோறு போட்டாள். சும்மா சொல்லக் கூடாது, அந்தத் தெருவின் நம்பிக்கையை அவள் உழைத்துத்தான் சம்பாதித்தாள்.

அப்படி வந்து சேர்ந்தவள்தான் சாந்தம்மா. புருஷன் கல் குவாரி வெடியில் போய்விட்டான். ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்த்து ஒரே மகள் சம்பங்கியை வளர்த்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்தவள் ஆகவில்லை. நெற்றி நிறைய மாரியம்மன் கோயில் திருநீறோடு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவாள். சபையில் ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தபோது தங்கமணி ஒரு முறை முறைத்தாள், அதோடு சரி.

ஒருநாள் மத்தியானம் சாந்தம்மா தனியாக வந்தாள். தங்கமணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். சம்பங்கிக்குச் சம்பந்தம் கூடிவந்திருக்கிறது. பையன் லேத் வேலை செய்கிறான், பீடி சிகரெட் கிடையாது. எதிர் வரிசையில் இருக்கிற மாரம்மாதான் பையனுக்கு அத்தை, அவள்தான் பேசி முடித்தது. தை மாதம் கல்யாணம்.

“நல்ல காரியந்தானே, அதுக்கு ஏன் முகத்தைத் தொங்கப் போட்டிருக்க?” என்றாள் தங்கமணி.

“பொண்ணுக்குக் காக்கா வலிப்பு வருது பாஸ்டரம்மா. சின்னதுலருந்தே. மாசத்துக்கு ஒருக்கா, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா. வந்தா கதவைச் சாத்திடுவேன். இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது.” சாந்தம்மா தங்கமணியின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க ஜெபத்தைக் கேக்குற சாமி, இதையும் கேக்கும். சாமியாண்ட மட்டும் சொல்லுங்க. வேற யாராண்டயும் வாயைத் தொறக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

“நான் யார்ட்டப் போய்ச் சொல்லப் போறேன்? போ, நிம்மதியாப் போ” என்றாள் தங்கமணி. அந்த நேரத்தில் அதை மனசாரத்தான் சொன்னாள்.

எண்பத்தாறாம் வருஷம் கார்த்திகை மாதம் அது. சபைக்கு மைக் செட் வைக்க வேண்டும் என்பது ஞானாபரணத்தின் நெடுநாள் ஆசை. வசனம் தெருவுக்குக் கேட்க வேண்டுமாம். சவுண்ட் சர்வீஸ் காஜா மொய்தீனைக் கூப்பிட்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேலே தெருவைப் பார்த்தாற்போல் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டினார்கள். அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் பெங்களூரிலிருந்து ஒரு மூத்த ஊழியரும் வந்திருந்தார். வயசானவர், பெரிய பெரிய கன்வென்ஷன்களில் பேசுகிறவர். முன் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தவர் தங்கமணியைப் பார்த்து, “சிஸ்டர், உங்கள் ஜெபத்தைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன்” என்றார். அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

மைக்கைப் பிடித்தாள். முழங்காலில் ஆரம்பித்தாள், குடிகார மகன்களுக்குப் போனாள், கம்பெனி பூட்டியதால் வேலையற்றுக் கிடந்த ஆட்களுக்குப் போனாள். விசும்பல் சத்தம் எழுந்தது. அரைக் கண்ணால் பார்த்தாள், மூத்த ஊழியர் கண் கலங்காமல் உட்கார்ந்திருந்தார். அப்போது சம்பங்கி நினைப்பு வந்தது. இதைச் சொன்னால் உருகிவிடுவார்கள் என்றும் தோன்றியது. இரண்டும் ஒன்றாகத்தான் தோன்றின, எது முந்தி எது பிந்தி என்று பின்னால் எத்தனை வருஷம் யோசித்தும் அவளால் பிரிக்க முடியவில்லை.

“கர்த்தாவே, எங்கள் சாந்தம்மாவின் மகள் சம்பங்கியை நினைத்தருளும். சின்ன வயதிலிருந்து அவளைக் கீழே தள்ளுகிற காக்கா வலிப்பை இன்றைக்கே கடிந்துகொள்ளும் ஆண்டவரே. தகப்பனில்லாப் பிள்ளை தை மாதம் மணவறையில் உட்காரப் போகிறாள். அத்தனை பேர் முன்னால் நுரை தள்ளி விழுந்துவிடாதபடி அவளைத் தாங்கும்...”

மூத்த ஊழியர் கைக்குட்டையை எடுத்தார். கூட்டம் முழுக்க ‘ஆமென், ஆமென்’ என்று அழுதது. கடைசி வரிசையில் சாந்தம்மா எழுந்து, தடுமாறி, செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனதைத் தங்கமணி பார்த்தாள். அப்போதுதான் கூரைமேல் இருக்கிற ஸ்பீக்கர் அவளுக்கு உறைத்தது. வாய் மட்டும் பழக்கத்தில் ஜெபத்தை முடித்து ‘ஆமென்’ சொன்னது.

எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார்கள். ‘ஆவியானவரே பேசினார்’ என்றார் மூத்த ஊழியர். ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த காஜா மொய்தீன் ஒருத்தர்தான் அவள் முகத்தைப் பார்க்காமல், “அந்தப் பொண்ணு பேரைச் சொல்லாம உட்டிருக்கலாம்மா. எங்க ஊடு வரைக்கும் கேட்டுச்சு” என்றார்.

மாரம்மாவுக்குக் கேட்காமல் இருக்குமா? தெருக் குழாயில் குடத்தை வைத்துவிட்டு நின்று முழுசாகக் கேட்டிருக்கிறாள். பொழுது விடிவதற்குள் சம்பந்தம் முறிந்தது. முறிந்ததோடு விட்டார்களா? ‘நோயை மறைச்சு எங்க பையன் தலையில கட்டப் பாத்தா’ என்று தெருவில் நின்று கத்தினார்கள். கேன்டீன் வரைக்கும் பேச்சுப் போயிற்று.

காலையில் சாந்தம்மா வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

“உங்களாண்ட நான் என்னான்னு சொன்னேன்? சாமியாண்ட சொல்லுங்கன்னேன். ஊரைக் கூட்டியா சொல்லச் சொன்னேன்? உங்க சாமிக்கு என்னா காது கேக்காதா, மைக்கு வெச்சாத்தான் கேக்குமா?”

“சாந்தம்மா, ஜெபத்துல என்னை அறியாம வாயில வந்துட்டு...”

“வந்துடுச்சா? உங்க பொண்ணு பேரு அப்பிடி வந்துடுமா?”

அவள் கோபத்தில் கேட்டது அது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. தங்கமணிக்கோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவள் மகள் பியூலாவுக்கு முதுகில் வெண்குஷ்டத் திட்டு கண்டு வருஷமாகியிருந்தது. அதற்காகப் புருஷனும் பெண்டாட்டியும் ஒவ்வொரு நாளும் ஜெபித்தார்கள், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, மெல்லிய குரலில். சபையில் ஒரு நாளும் அந்தப் பிள்ளையின் பேரை எடுத்ததில்லை. நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா? ஊரார் பிள்ளைக்கு ஒரு நியாயம், தன் பிள்ளைக்கு ஒரு நியாயம். இதை அவள் அன்றைக்குத்தான் கண்டுகொண்டாள். கண்டுகொண்ட பிறகு சோறு இறங்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை சபையில எழுந்து நின்னு, நான் செஞ்சது தப்புன்னு சொல்லப் போறேன்” என்றாள் புருஷனிடம்.

ஞானாபரணம் நல்ல மனிதர்தான், ஆனால் இந்த இடத்தில் அவருக்குப் பிடிவாதம். “ஆவியானவர் உன் வாயில் வைத்த ஜெபத்தைத் தப்பு என்று சொல்வாயா? அவிசுவாசி வீட்டுச் சம்பந்தம் வேண்டாம் என்று கர்த்தரே தடுத்தார் என்று நினைத்துக்கொள், தங்கம்.”

“ஆவியானவர் இல்லங்க. நான்தான்” என்றாள். அவருக்கு அது புரியவில்லை. புரியும்படி சொல்ல இவளுக்கும் தைரியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்து நிற்கவில்லை.

ஆனால் ஒன்று செய்தாள். சாந்தம்மாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, சம்பங்கியைப் பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு வேளைகூட விடாமல் போட வேண்டும், தானாக நிறுத்தினால் முன்னைவிடப் பலமாக வரும், அடுப்படியில் கிணற்றடியில் ஜாக்கிரதை என்று தங்கமணியிடம்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார். அந்த மாத்திரையில் வலிப்பு அடங்கிற்று. சம்பங்கியின் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது.

இதில் இன்னொரு சிக்கல். அவர்கள் சபையில், ஜெபித்துவிட்டு மாத்திரை போடுகிறவன் விசுவாசம் குறைந்தவன். ஞானாபரணமே பிரசங்கத்தில் அப்படித்தான் முழங்குவார். அவரிடம்கூட தங்கமணி, உறவுக்காரர்களைப் பார்க்கப் பெங்களூர் போனோம் என்றுதான் சொல்லியிருந்தாள். “டாக்டரும் கர்த்தர் கொடுத்ததுதாம்ட்டி. ஆனா மாத்திரை போடுதேன்னு யார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத” என்று சம்பங்கியிடம் சொல்லி வைத்தாள். அந்தப் பெண் எதை நம்பும்? ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக் கேட்டது, திங்கட்கிழமை இன்னொன்றைக் கேட்டது.

சாந்தம்மா அதற்கப்புறம் சபைப் படி ஏறவே இல்லை. சம்பங்கி மட்டும் வந்தாள். பகலில் ஒரு கம்பெனியில் ஸ்க்ரூ பாக்கெட் கட்டுகிற வேலை, லீவு நாளில் பாஸ்டரம்மா வீட்டுப் பின்னறையில் தையல். பிறகு சின்னப் பெண்களுக்கு அவளே சொல்லிக் கொடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். கூடத் தைத்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கல்யாணம் ஆகிப் போனார்கள். அவர்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தது சம்பங்கிதான். ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் அவள் கொக்கி வைக்கும்போது தங்கமணி அந்த அறையில் நிற்க மாட்டாள். சபையிலும் அவள் ஜெபம் மாறிப் போயிற்று. பேர் சொல்வதை விட்டுவிட்டாள். ‘பாஸ்டரம்மாவிடம் பழைய அபிஷேகம் இல்லை’ என்று கொஞ்ச நாள் பேசிக்கொண்டார்கள்.

தொண்ணூறாம் வருஷம் காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஆஞ்சப்பன், மாம்பழக் கூழ் கம்பெனியில் வேலை. பெண் பிடித்துப் போயிற்று. ஆனால் யாரோ பழைய கதையைக் காதில் போட்டுவிட்டார்கள். பையனின் தாயார் ஜோதியம்மாள் விவரமானவள். சாந்தம்மாவிடம் கேட்டால் உண்மை வராது என்று நேராகத் தங்கமணி வீட்டுக்கு வந்துவிட்டாள். தங்கமணி பாயை விரித்து உட்கார வைத்து மோர் கொடுத்தாள். பின்னறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏங்க, நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டேன். அந்தப் பொண்ணுக்குக் காக்கா வலிப்புன்னு சொல்றாங்க. நீங்கதான் மைக்குலயே சொன்னீங்களாம். நீங்க பொய் பேச மாட்டீங்கன்னு இந்தத் தெருவே சொல்லுது. உங்க வாயால கேட்டுட்டா எனக்குத் திருப்தி.”

தங்கமணி மனசுக்குள் கணக்குப் போட்டாள். இருக்கிறது என்று சொன்னால் இந்தம்மா எழுந்து போய்விடுவாள். இரண்டாம் தடவையும் தன் வாயால் ஒரு கல்யாணம் முறியும். அப்புறம் அந்தப் பெண்ணை யார் கேட்டு வருவார்கள்? இல்லவே இல்லை என்று சொன்னால் அது அப்பட்டமான பொய். மாத்திரையில் அடங்கியிருக்கிறது, நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்று உள்ளதைச் சொல்லலாம். சொல்லத்தான் வாயெடுத்தாள். மாத்திரை என்ற பேச்சைக் கேட்டதும் ஜோதியம்மாள் முகம் எப்படி மாறும் என்று தெரிந்தது. சொல்லவில்லை. அவர்கள் சபையில் எந்த நேரத்துக்கும் ஒரு வார்த்தை தயாராக இருக்கும், அது வந்து நாக்கில் உட்கார்ந்தது.

“இருந்துதும்மா. இல்லங்கல. ஆனா ஜெபத்துல சுகமாயிட்டு. கர்த்தர் முழுசா சுகம் குடுத்துட்டாரு. நாலு வருசமா ஒருநாளும் வரல.”

“நெஜமா?”

“நான் ஏன் பொய் சொல்லப் போறேன்?”

பின்னறையில் மிஷின் நின்றுபோயிருந்ததை அவள் கவனித்தாள். நூல் அறுந்திருக்கும் என்று நினைத்தாள். ஜோதியம்மாள் கும்பிட்டு எழுந்தாள். “உங்க வாயால வந்துட்டா போதுங்க. எங்களுக்கு எந்தச் சாமின்னு பேதம் இல்ல. சுகமானா சரி.” அவள் தெருமுனை தாண்டிய பிறகு மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது, வழக்கத்தைவிட வேகமாக.

வெட்கத்தை விட்டுச் சொன்னால், தங்கமணிக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் உறுத்தியது, இல்லாமல் இல்லை. ஆனால் தான் உடைத்ததைத் தானே ஒட்டிவிட்டோம் என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது. மாத்திரை கொடுத்ததும் கர்த்தர்தானே, அப்படியானால் கர்த்தர் சுகம் கொடுத்தார் என்று சொன்னதில் என்ன குற்றம் என்று தனக்குத்தானே வக்கீல் வேலையும் பார்த்துக்கொண்டாள். காவேரிப்பட்டினத்தில் கல்யாணம். சாந்தம்மா ஒரு வார்த்தை ‘வாங்க’ என்றாள். தங்கமணிக்கு அதுவே போதுமாக இருந்தது. மணப்பெண்ணின் காதருகே குனிந்து, “மாத்திரை எடுத்து வச்சிருக்கியாட்டி?” என்று கேட்டாள். சம்பங்கி ஒரு மாதிரி சிரித்துத் தலையாட்டினாள்.

கல்யாணத்துக்குப் பின் வந்த மாங்காய் சீசன் முடிகிற நேரம் அது. ஒருநாள் முற்பகலில் ஜோதியம்மாள் வீட்டிலிருந்து ஆள் வந்தது. சம்பங்கிக்கு அடுப்படியில் வலிப்பு வந்து, கொதிக்கிற வெந்நீர்க் குண்டானை இழுத்துக்கொண்டு விழுந்துவிட்டாள். தோளிலிருந்து கை முழுக்க வெந்துபோயிற்று. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். உயிருக்கு ஆபத்தில்லை, கை பழையபடி மடங்குமா என்பது தெரியவில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் பஸ் பிடித்து ஓடினார்கள். தங்கமணிக்கு வழியெல்லாம் ஒரே நினைப்பு: மாமியார்க்காரி மாத்திரையைப் பார்த்துவிட்டாளோ, பிடுங்கி எறிந்துவிட்டாளோ. சொல்லப் போனால் அவள் அப்படித்தான் செய்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். பழியைப் போட ஒரு ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் ஆறுதல் இல்லை?

வார்டு வாசலில் ஜோதியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. “சுகமாயிடுச்சுன்னீங்களே” என்றாள், அவ்வளவுதான். அதற்கு ஞானாபரணம், “சாத்தான் சோதிக்கிறான்மா, கலங்காதீங்க” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் சாந்தம்மா. அவள் இவர்களைப் பார்க்கவில்லை. தோளிலிருந்து விரல்வரை கட்டுப் போட்டுச் சம்பங்கி கிடந்தாள். தங்கமணியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத் தங்கமணியால் பார்க்க முடியவில்லை.

“மாத்திரையை யாரும் எடுத்துட்டாங்களாட்டி?” என்று கிசுகிசுத்தாள்.

“இல்ல பாஸ்டரம்மா. எம்மேலதான் தப்பு.” சம்பங்கி மெதுவாகப் பேசினாள். “அத்தை உங்களாண்ட பேச வந்தன்னிக்கு நான் உள்ள தெச்சிக்கினு இருந்தேன் இல்ல? கர்த்தர் முழுசா சுகம் குடுத்துட்டாருன்னு நீங்க சொன்னதைக் கேட்டேன். எனக்கு அழுகையே வந்துடுச்சு. அன்னியிலருந்து ஒவ்வொரு நாளா உட்டு உட்டுப் பாத்தேன், அப்புறம் நிறுத்தியே புட்டேன். கண்ணாலத்தன்னிக்கு மாத்திரை இருக்குதான்னு கேட்டீங்களே, எனக்கு விசுவாசம் இருக்குதான்னு சோதிக்கிறீங்கன்னு நெனைச்சிக்கினேன்.”

தங்கமணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“ரொம்ப நாளு வரவே இல்ல. சந்தோசமாத்தான் இருந்தேன். அப்புறம் ஒருநாளு தண்ணி எடுக்கறப்போ, மறுபடி வந்துட்டா என்னா பண்றதுன்னு மனசுல ஒரு பயம் வந்துடுச்சு. அந்த வாரமே உளுந்துட்டேன். சந்தேகப்பட்டதாலதானே வந்துச்சு? நீங்க அவ்ளோ ஜெபம் பண்ணி வாங்கிக் குடுத்த சுகத்தை நானே கெடுத்துக்கினேன். எனக்கு விசுவாசம் பத்தல பாஸ்டரம்மா.”

“ஆமாம் மகளே, விசுவாசத்தில் தளராதே. இப்போதும் கர்த்தர்...” என்று ஞானாபரணம் கையை உயர்த்தினார். பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடக் கையைக் கூப்பிக்கொண்டார்கள்.

“நீங்க செத்த சும்மா இருங்க” என்றாள் தங்கமணி. புருஷனிடம் அப்படி அவள் பேசியதே இல்லை. அவர் உயர்த்திய கையை இறக்கிக்கொண்டார்.

அவள் தரையில் மண்டியிட்டாள். ஜெபிக்க இல்லை, சம்பங்கியின் முகத்துக்கு நேராகத் தன் முகம் வர வேண்டும் என்றுதான். “எட்டி, நான் சொல்லுததைக் கேளு. உன் விசுவாசத்துல ஒரு குறையும் இல்ல. உனக்கு எந்தச் சுகமும் கிடைக்கல. மாத்திரையிலதான் அது அடங்கிக் கிடந்துது. நிறுத்துனா திரும்ப வரும்னு டாக்டர் எங்கிட்டச் சொன்னாரு. எல்லாம் தெரிஞ்சேதான் நான் உன் மாமியார்ட்டப் பொய் சொன்னேன். அன்னைக்கு மைக்குல உன் பேரைச் சொன்னதும் ஆவியானவர் இல்ல. பெரிய ஊழியக்காரர் முன்னால எனக்குப் பேர் வாங்கணும்னு நான்தான் சொன்னேன். ரெண்டு தடவையும் நான்தாம்ட்டி.”

ஜோதியம்மாள் வாசலில் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஞானாபரணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சாந்தம்மா முதல்தடவையாகத் தலையைத் தூக்கித் தங்கமணியைப் பார்த்தாள்.

சம்பங்கி மேலே பார்த்தபடி கேட்டாள். “அப்போ மாத்திரை போட்டா பாவம் இல்லியா?”

“பாவமே இல்லட்டி.”

சம்பங்கிக்குக் கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. துடைக்கக் கை எழவில்லை. தங்கமணி துடைக்கப் போனாள். அந்தப் பெண் முகத்தை அம்மா பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அன்னிக்கு அத்தை போனதும் உள்ள வந்து, எங்காதுல மட்டும் இதைச் சொல்லியிருக்கலாமே, பாஸ்டரம்மா.”